தேக்சாவுக்கு மணலடித்த கதை

அந்த இட்லிக் கொப்பரையின் அலுமினிய மூடியை மணலடிக்க யார் வாங்கி வைத்தது என்று நேற்று பட்டறையில் உங்களைக் கேட்டேன். கம்ப்ரசரைப் பார்த்தீர்கள், கூரையைப் பார்த்தீர்கள், என் செருப்பைப் பார்த்தீர்கள். கடைசியில் ஒருவன் மட்டும், "அண்ணே, கேண்டீன்காரரு அவசரம்னாரு. அரை மணி நேரச் சோலிதானண்ணே" என்றான். அரை மணி நேரச் சோலி என்ற பேச்சைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறுகிறது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லேத் பட்டறைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

நேரில் சொன்னால் நான் பாதியில் கத்த ஆரம்பித்துவிடுவேன், நீங்கள் பாதியில் டீ வாங்கப் போய்விடுவீர்கள். அதனால் எழுதித் தருகிறேன். மணலை எப்படிச் சலிப்பது, காற்றை எம்புட்டு வைப்பது என்றெல்லாம் இதில் இருக்காது. அது உங்களுக்கே தெரியும். முகமூடி போடாமல் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறவனை மட்டும் இங்கேயே ஒரு வார்த்தை வைதுவிடுகிறேன். துண்டைப் பார்த்துப் பயந்து தூசி திரும்பிப் போகுமாடா? நுரையீரல் என்ன கடையில் கிடைக்கிற சாமானா? சரி, கதைக்கு வருகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு மில்லின் பராமரிப்புப் பட்டறையில் வேலையில் இருந்தேன். குடியிருந்தது வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், பின்னால் பெரிய கொல்லை உள்ள ஒரு வீட்டில். என் மனைவியின் தம்பியும் எங்களோடுதான் இருந்தான், நான் அவனை மாப்ளை என்றுதான் கூப்பிடுவேன். பஸ்ஸுக்கு பாடி கட்டும் ஷெட்டில் அவனுக்கு வேலை. நல்ல வேலைக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த வேலையைப் பார்த்தாலும் அதற்கு ஒரு மிஷின் செய்தாக வேண்டும் அவனுக்கு. துணி காயப்போடுவதற்குக்கூட ஒரு மிஷின் செய்து, அது என் மனைவியின் சேலையை இரண்டாகக் கிழித்த வரலாறு தனி.

பஞ்சர் கடையில் ஒதுக்கிப் போட்ட ஒரு கம்ப்ரசர், லாரியிலிருந்து கழற்றிய ஒரு காற்றுத் தொட்டி, நாலு முழம் ரப்பர் குழாய். இவற்றை வைத்துக் கொல்லையில் மணலடி மிஷின் ஒன்றைக் கட்டிவிட்டான். வைகை மணலைச் சலித்து, வெயிலில் காயவைத்து, காற்றோடு சேர்த்துப் பீய்ச்சி அடிப்பான். இரும்பில் இருந்த துருவும் பழைய பெயிண்டும் பறந்து, பொருள் வெள்ளை வெளேரென்று வெளியே வரும். அதைப் பார்க்கத் தெருவே மதில்மேல் தொங்கும். மிஷினைப் போட்டால் பக்கத்து வீடுகளில் பல்பு மங்கும். அடுத்த வீட்டு மாடியில் காயும் கூழ்வத்தல் எல்லாம் மணல்வத்தல் ஆகும். அந்த வீட்டு அம்மா மாடியில் நின்று பாடுகிற பாட்டை இங்கே எழுத முடியாது.

என் மனைவி அதற்கு 'பீரங்கி' என்று பேர் வைத்திருந்தாள். "இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்தப் பீரங்கி இருக்கணும்" என்பாள். "அக்கா, நீயும் இரு, அதுவும் இருக்கட்டும்" என்று தம்பிக்காரன் பெருந்தன்மையாகச் சொல்வான்.

வேலை தேடிவந்தது, அதையும் சொல்ல வேண்டும். சைக்கிள் பிரேம், ஸ்கூட்டர் ரிம், ஜன்னல் கிரில் என்று வாசலில் சாமான் குவிந்தது. திருவாதவூர்ப் பக்கமிருந்து ஒரு விவசாயி பம்புசெட்டின் மூடியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தார். அத்தனையும் பளிச்சென்று ஆகிப் போயின. அதுதான் வினையாகப் போயிற்று. எதையும் வெளுக்கலாம் என்ற நினைப்பு மாப்ளைக்குத் தலைக்கேறிவிட்டது.

மில் பட்டறையில் எனக்கு ஒரு போர்மேன் இருந்தார். சிரித்து நான் பார்த்ததில்லை. வாயைத் திறந்தால் வசவுதான். மணலடித்து வந்த எந்தச் சாமானையும் அவர் கண்ணால் பார்த்துப் பாஸ் செய்யமாட்டார். "கண்ணு ஒரு கூமுட்டை, பளபளன்னு இருந்தா பல்லைக் காட்டும்" என்பார். பையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்து சாமானின்மேல் ஒரே ஒரு இழுப்பு இழுப்பார். இரும்பாக இருந்தால் அரம் கடிக்கும், ஓசை சீராக வரும். அலுமினியம், செம்பு, பித்தளை மாதிரி மெத்தென்ற உலோகமாக இருந்தால் அவர் முகம் இன்னும் கடுகடுக்கும். மணலடிக்கும்போது அதில் மணல் முனைகள் உடைந்து உள்ளே குத்தி நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாது, துடைத்தாலும் போகாது. அரத்தை இழுத்தால் மட்டும் கிறீச்சென்று கத்தும். அப்புறம் அவர் எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். "இது இங்கயிருந்து எங்கடா போகுது?" தெரியாது என்று சொன்னவன் அன்றைக்குத் தொலைந்தான்.

இதை நான் மாப்ளையிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் "சரி மச்சான்" என்பான். அவன் "சரி மச்சான்" என்று சொன்னால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம்.

இனி பாய் வருகிறார். பழைய ஊருக்குள் பிரியாணி ஆக்குகிற சமையல்காரர். பெரிய சமையல்காரர் ஒருவரிடம் வெகுகாலம் கையாளாக இருந்துவிட்டு அப்போதுதான் தனியாகப் பிரிந்து வந்திருந்தார். திருமங்கலத்தில் ஒரு பஞ்சு வியாபாரியின் மகனுக்கு நிக்காஹ். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் போடும் வலிமா விருந்துக்கு பாய்தான் சமையல். அவர் பேரைச் சொல்லிக் கிடைத்த முதல் விருந்து அது. நன்றாக வந்தால் ஊரில் நாலு பேர் கூப்பிடுவார்கள். கெட்டுப்போனால் பழையபடி அடுத்தவர் அடுப்புக்கு விறகு தள்ள வேண்டியதுதான்.

அதற்காக பிரியாணி ஆக்குகிற அகலப் பாத்திரங்களான பழைய செம்பு தேக்சாக்கள் இரண்டை வாங்கியிருந்தார், ஒன்று பெரிது, ஒன்று அதைவிடச் சற்றுச் சின்னது. செம்புப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசாமல் சமைக்க முடியாது, களிம்பு ஏறி விஷமாகிவிடும். பழைய ஈயம் எல்லாம் தேய்ந்து, உள்ளே கறுத்துப் பச்சை படிந்து கிடந்தது. ஈயம் பூசுகிறவருக்கோ கல்யாண சீசன், தலைக்குமேல் வேலை. ஈயம் பூசுவது சீக்கிரம் முடிந்துவிடும், அதற்கு முன்னால் சுரண்டித் தேய்த்துச் சுத்தம் செய்வதுதான் ஒருநாள் பிழைப்பு. பாத்திரத்துக்குள் ஆளே இறங்கி நின்று, காலால் நாரை மிதித்துச் சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். "நீயே சுத்தம் பண்ணி வையி, வந்து பூசித் தாரேன்" என்று அவர் கையை விரித்துவிட்டார். அங்கேதான் யாரோ ஒரு புண்ணியவான், தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு வீட்டில் மணலடி மிஷின் இருக்கிறது என்று பாய்க்குச் சொல்லியிருக்கிறான்.

நான் வேலைக்குப் போயிருந்த நேரம் அது. மாப்ளை வீட்டில் இருந்தான். பாய் தள்ளுவண்டியில் இரண்டையும் ஏற்றிக்கொண்டு வந்து, "செம்புக்கு இது ஆகுமா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கேட்க வேண்டிய ஆள் கேட்டிருக்கிறார், பதில் சொல்ல வேண்டியவன்தான் சரியில்லை. "பாய், இரும்பே உரியுது, செம்பு எம்மாத்திரம். அரை மணி நேரச் சோலி" என்று சொல்லியிருக்கிறான்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தால் கொல்லையில் கூட்டம். நடுவில் இரண்டு தேக்சாவும் சாய்ந்து கிடந்தன. உள்ளும் புறமும் அப்படியே ரோஜா நிறம். அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். மாப்ளை கையைக் கட்டிக்கொண்டு, குதிரைப் பந்தயத்தில் ஜெயித்தவன் மாதிரி நின்றான்.

"எப்புடி மச்சான்?"

"இது எங்கடா போகுது?" என்றேன்.

"எங்க போகும், அடுப்புக்குத்தேன்."

நான் என் வேலைப் பையிலிருந்து ஒரு அரத்தை எடுத்து, சின்னத் தேக்சாவைப் புரட்டி, உள்ளே அடியில் ஒரு இழுப்பு இழுத்தேன். பல் கூசுகிற மாதிரி கத்தியது. இன்னொரு இடத்தில் இழுத்தேன், அங்கேயும் அதே கத்தல். மதில்மேல் இருந்தவர்களே காதைப் பொத்தினார்கள்.

"மண்ணு உள்ள குத்தி நிக்கிது. அம்புட்டும் மண்ணு. இதுலயாடா பிரியாணி ஆக்கப் போறாக?"

"கழுவிட்டாப் போச்சு மச்சான்."

கழுவினோம். கிணற்றுத் தண்ணீர் தீருகிற அளவுக்குக் கழுவினோம். வெள்ளைத் துணியால் துடைத்தான். துணி வெள்ளையாகவே வந்தது. அதை என் மூஞ்சிக்கு நேரே ஆட்டிக் காட்டினான். நான் மறுபடி அரத்தை இழுத்தேன், அது மறுபடி கத்தியது. துணியை மடித்து வைத்துவிட்டு, "அரத்தாலயா சமைக்கிறாக?" என்று கேட்டான். சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது.

மறுநாள் எனக்கு வார லீவு. காலையில் ஈயம் பூசுகிறவர் துருத்தியும் கரியுமாக வந்து இறங்கினார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தேக்சாவைக்கூடப் பார்க்கவில்லை, வெயிலைப் பார்த்தார். "இன்னும் மூணு வீட்டுக்குப் போகணும்ணே. ஈயத்தப் பூசிட்டா மண்ணாவது கல்லாவது, அடியில கெடக்கும். யாருக்குத் தெரியப் போகுது" என்றார். "அதத்தேன் நானும் சொன்னேன்" என்று மாப்ளை சேர்ந்துகொண்டான். இரண்டு பேரும் அவ்வளவு சீக்கிரம் சிநேகமாகிவிட்டார்கள்.

தம்பிகளா, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நாளைக்கு விருந்து. தேக்சா இன்று சாயங்காலம் லாரியில் திருமங்கலம் போயாக வேண்டும். வாங்கிப் போக பாய் எந்த நிமிஷமும் வந்துவிடுவார். பார்த்தால் பாத்திரம் தங்கம் மாதிரி இருக்கிறது. எல்லோரும் சரி என்கிறார்கள், நான் ஒருத்தன் மட்டும் இல்லை என்கிறேன். இந்த நேரத்தில்தான் நம் தொழிலில் ஆள் சறுக்குவது. 'நமக்கு மட்டும் என்ன வந்தது' என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். எனக்கும் சொன்னது. அதோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, அதனால் நான் வேறு ஒன்று செய்தேன்.

"சின்னத மட்டும் பூசு. பூசி முடிச்சதும் அதுலயே சோறு பொங்குவோம். நீங்க ரெண்டு பேரும் சாப்பிடணும். சாப்பிட்டுட்டு நல்லாருக்குன்னு சொன்னா பெரியதையும் பூசு, நான் வாயத் தொறக்கல" என்றேன்.

பூசினார். அடுப்பில் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தை உருக்கிப் பஞ்சால் இழுத்தார். வெள்ளி மாதிரி ஓட வேண்டிய ஈயம் அங்கங்கே ஒட்டாமல் விலகி நின்றது. அம்மை வடுப் போட்ட முகமாக இருந்தது தேக்சாவின் வயிறு. "இது பழைய செம்புண்ணே" என்றார். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

சோறு பொங்கியதும், பிரியாணி கிண்டுவது போலவே பெரிய இரும்புக் கரண்டியால் அடிவரைக்கும் விட்டுக் கிளறச் சொன்னேன். என் மனைவி இரண்டு தட்டில் போட்டுக் கொடுத்தாள். மாப்ளை முதல் வாயை அள்ளிப் போட்டு, ஒரு கடி கடித்தான். அப்படியே நின்றுவிட்டான். தாடை அசையவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. ஈயம் பூசுகிறவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்ன, நல்லாருக்கா?" என்றேன்.

"லேசா நறநறங்குது" என்றான்.

"லேசா?" என்று என் மனைவி கேட்டாள். "ஊராரு சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு லேசாங்கிற."

அந்த நேரம் பார்த்து பாய் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். சலவைச் சட்டை போட்டு, அத்தர் வைத்து, விருந்துக்கு இன்றைக்கே கிளம்பியது போல இருந்தார். பூசிய தேக்சாவைத் தூரத்திலிருந்தே பார்த்து முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மாப்ளை எனக்குக் கண்ணைக் காட்டினான், வேண்டாம் என்று. அவன் காட்டிய கண்ணுக்கு இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

நான் அவனுடைய தட்டையே எடுத்து பாயிடம் நீட்டினேன். "பாய், இதுல ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க."

"வெறுஞ்சோறா?" என்று சிரித்துக்கொண்டே பிஸ்மில்லா சொல்லி வாயில் போட்டார். மென்றார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. துப்பவில்லை, மனுஷன் அதை விழுங்கினார். பிறகு தேக்சாவுக்குள் கையை விட்டு அடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு விருந்து தம்பி. ஊர்ல ஒரு தேக்சா கெடையாது. அலுமினியம்கூட கெடையாது, அம்புட்டும் கல்யாணத்துக்குப் போயிருச்சு. நான் என்ன பண்ணுவேன்? என் இஜ்ஜத்தே போச்சு, மானம் போச்சு" என்றார். குரல் உயரவே இல்லை. வைதிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மாப்ளை பெரிய தேக்சாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். "பாய், இது இன்னும் பூசல. இதத் தேச்சு எடுத்துருவோம்" என்றான். நான் அதைக் கவிழ்த்து, உள்ளே தலையை விட்டு வெயிலுக்கு நேரே பார்த்தேன். அடிப்பக்கம் யாரோ எப்போதோ பற்றவைத்த ஒட்டு ஒன்று. மணல் அதை அரித்துவிட்டிருந்தது. ஊசிக்கண் ஊசிக்கண்ணாக வெளிச்சம் தெரிந்தது. அடுப்பில் ஏற்றினால் அரை மணி நேரத்தில் வாயைப் பிளக்கும். இப்போதைக்கு அது ஆகாது என்றேன். பாய் கீழே உட்கார்ந்துவிட்டார்.

அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை வைத்து அந்த மிஷினை உடைத்திருக்கலாம். உடைத்தால் தேக்சா சரியாகுமா? ஆகாது. மிச்சமிருந்தது சின்னத் தேக்சா ஒன்றுதான். அதன் உள்தோலை முழுவதும் சுரண்டி, மணல் குத்தி நிற்கிற செம்பையே ஒரு படலம் எடுத்துவிட்டால் தப்பிக்கலாம். ஆனால் ஒரு தேக்சாவில் விருந்து முழுவதையும் ஆக்க முடியாது.

"பாய், ஒரே தேக்சால ரெண்டு வாட்டி ஆக்க முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்தார். கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "முதல் பந்திக்கு ஒரு வாட்டி. அத பரிமாறுற அண்டாவுல மாத்திட்டு ரெண்டாவது வாட்டி ஏத்தணும். ரெண்டாவது பந்தி கொஞ்சம் காத்திருக்கணும். வியாபாரி ஒத்துக்கணுமே."

"இப்பவே போய்ச் சொல்லிருங்க. நாளைக்குப் பந்தியில வச்சுத் தெரிஞ்சா கோபப்படுவாரு. இன்னைக்குச் சொன்னா முகத்த மட்டும்தேன் சுளிப்பாரு."

"தேக்சா சரியா வருமா தம்பி?"

"வராட்டி வரலைன்னு நானே வந்து சொல்லுவேன்" என்றேன். அவர் திருமங்கலம் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

அப்புறம் ஆரம்பித்தது வேலை. ஈயம் பூசுகிறவர் மற்ற மூன்று வீட்டையும் மறந்துவிட்டார், அதற்காக அவரை மன்னித்தேன். முதலில் பூசிய ஈயத்தை வழித்தோம். இரண்டு பேரும் மாறி மாறிச் சுரண்டியால் செம்பைச் சீவினோம். கத்துகிற இடமெல்லாம் சீவினோம். சீவி முடித்ததும் மாப்ளையைக் கூப்பிட்டேன்.

"உள்ள எறங்கு."

"மச்சான்?"

"எறங்குடா. மிஷின் பண்ண மிச்சத்தக் காலால பண்ணு."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேக்சாவுக்குள் இறங்கினான். தேங்காய் நார், புளி, சாம்பல். இரண்டு கையாலும் கொய்யா மரத்துக் கிளையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி மிதித்தான். மதில்மேல் மறுபடி கூட்டம். வத்தல் காயப்போட்ட அம்மா மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அன்றைக்குத்தான் நியாயம் கிடைத்தது போலிருக்கிறது. வெயில் சாய்கிற வரைக்கும் மிதித்தான். அரை மணி நேரச் சோலி.

நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்க நின்றவன், "மச்சான்" என்றான். திருந்திவிட்டான், மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைத்துத் திரும்பினேன். "இந்தச் சுத்துறதுக்கு அடியில ஒரு மோட்டார வச்சுட்டா..." என்றான். என் மனைவி புளித் தண்ணீர்ச் சொம்போடு வந்தவள் அதை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தாள்.

கழுவித் துடைத்து அரத்தை இழுத்தேன். அடியில் இழுத்தேன், ஓரத்தில் இழுத்தேன், கழுத்தில் இழுத்தேன். சத்தமில்லை. ஈயம் இந்தத் தடவை ஒரே ஓட்டமாக ஓடியது. மறுபடி சோறு பொங்கிக் கிளறினோம். இந்த முறை மாப்ளையை ருசி பார்க்க விடவில்லை, நானும் பார்க்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அது நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது, அப்படிப்பட்ட வாய் சாட்சிக்கு ஆகாது. என் மனைவியிடம் கொடுத்தேன். எங்கள்மேல் உள்ள ஆத்திரமெல்லாம் சேர்த்து மென்றாள். "உப்பு இல்ல" என்றாள். "மண்ணும் இல்ல."

சாயங்காலம் தேக்சா லாரியில் ஏறியது. அதற்குள் பாய் திரும்பி வந்திருந்தார்; வியாபாரி முகத்தைச் சுளித்தாராம், ஆனால் ஒத்துக்கொண்டாராம். ஏற்றும்போது பாய் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் வரணும். மொத ஆளா உக்காரணும்."

மறுநாள் திருமங்கலம் போனோம். பஞ்சு குடோனுக்கு முன்னால் பந்தல். பின்பக்கம் சமையல். முதல் தேக்சா மூடியைத் திறந்து தம் உடைத்துத் தயாராக இருந்தது. விருந்தாளிகள் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். வியாபாரி வேறு இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பாய் எங்களை அடுப்புப் பக்கமே உட்கார வைத்தார். மேலே இருந்த கறியைத் தள்ளிவிட்டு, கரண்டியை அடிவரைக்கும் விட்டு, சுரண்டியெடுத்த அடிச்சோற்றை இரண்டு தட்டில் வைத்தார். மணல் இருந்தால் அங்கேதான் இருக்கும்.

மென்றோம். பாய் கரண்டியைப் பிடித்தபடி எங்கள் முன்னால் குந்தி உட்கார்ந்து எங்கள் தாடையையே பார்த்தார். நான் பல்லைப் பல்லில் மெதுவாக வைத்து, காதை உள்ளே திருப்பிக் கேட்டுக்கொண்டே மென்றேன். பக்கத்தில் மாப்ளை வாயில் நறுக்கென்று ஒரு சத்தம். அவன் மெல்லுவதை நிறுத்தினான். மாப்ளை வாயிலிருந்ததை உள்ளங்கையில் எடுத்து நீட்டினான். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

ஏலக்காய்.

பாய் அதை விரலால் நசுக்கிப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். பிறகு எழுந்து, "பந்திய விடுங்கப்பா" என்றார். பரிமாறுகிறவர்கள் ஓடி வந்தார்கள். அவர் மூலையில் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அடுப்புக்காரர் சொன்னார்.

விருந்து நன்றாக நடந்தது. இரண்டாவது பந்தி கொஞ்சம் முணுமுணுத்தது, சாப்பிட்டதும் அடங்கியது. பாய்க்கு அதற்குப் பிறகு வேலைக்குக் குறைவில்லை. பெரிய தேக்சாவையும் சீவி, ஒட்டைப் புதிதாகப் பற்றவைத்து, ஈயம் பூசி நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். இதனால் கதை நல்லபடி முடிந்தது என்று நீங்கள் நினைத்தால், நேற்று நான் கத்தியது வீண்.

அது அவர் பேரில் வைத்த முதல் விருந்து. வருஷக்கணக்காக அடுத்தவருக்கு ஆக்கிப் போட்டவர், முதல் தட்டை நீட்டும்போது ருசி எப்படி என்று கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்கிற நாளை அவரிடமிருந்து நாங்கள் பிடுங்கிவிட்டோம். அவர் எங்கள் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இட்லிக் கொப்பரை மூடி இன்னும் மூலையில்தான் கிடக்கிறது. இன்றைக்கே ஒருவன் கொண்டுபோய்க் கேண்டீனில் திருப்பிக் கொடுங்கள். 'அண்ணன் வேண்டாம்னுட்டாரு' என்று என் தலையில் போடாமல், ஏன் வேண்டாம் என்று காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். அரத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறேன். யாரும் அதை ஸ்க்ரூ கழற்றப் பயன்படுத்தக் கூடாது.

நேற்று நான் கத்தியதில் திருமங்கலம் என்ற பேரைப் பிடித்துக்கொண்டு கடைசியில் ஒருவன், அந்தப் பக்கத்துப் பிரியாணி நன்றாக இருக்குமே அண்ணே என்று என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். இருக்கும் தம்பி, எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அன்றைக்கு ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டேன். அது எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.